ஒரு நாளைக்கு ஆறு பிடி

பிரிஜிட்டின் இடது கை ஒரு நாளைக்கு ஆறு தடவைதான் எதையாவது பிடிக்கிறது என்று கணினி சொன்னது. சராசரியாம். கணினியே சொல்லிவிட்ட பிறகு மனுஷி வாயைத் திறந்து என்ன ஆகப்போகிறது? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நிவேந்திரன் திரையைப் பார்த்துத் தலையாட்டினான். செயற்கைக் கை மையத்தின் ஆய்வு அதிகாரி என்பதால் மரியாதைக்கு ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும்; மனசு வரவில்லை. மார்க் குறைந்த பிள்ளையின் அம்மாவைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசுகிற வாத்தியாரின் முகம் அவனுக்கு.

“ஆறு ரொம்பக் கம்மி ஆண்ட்டி,” என்றான். “கொறஞ்சது இருநூறாச்சும் வரணும். மத்தவங்களுக்கெல்லாம் முந்நூறு, நானூறுன்னு வருது. வீட்ல கழட்டி வச்சிடுறீங்களா?”

“இல்ல சார். தெனமும் காலையில போட்டுடுவேன்.”

“போட்டுக்கிட்டு என்னா செய்வீங்க?”

“சும்மாதான் சார். வீட்டு வேல.”

இந்த இடத்தில்தான் பிரிஜிட் தப்புச் செய்தாள். நம் பெண்களுக்கே உள்ள வியாதி இது. விடிவதற்கு முன் எழுந்து நாலு மணி நேரம் நின்றபடி உழைத்துவிட்டு வந்தாலும், யாராவது கேட்டால் சும்மாதான் இருக்கிறேன் என்பார்கள். பிரிஜிட்டுக்கு அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. குருபோங்கில் தன் தாமான் குடியிருப்பின் முனையில் அவள் போட்டிருந்த இடியப்பக் கடைக்கு லைசென்ஸ் கிடையாது. ஒரு குடை, ஒரு மடக்கு மேசை, ஒரு கேஸ் அடுப்பு, அவ்வளவுதான் கடை. ஆனால் ரப்பர் முத்திரை வைத்திருக்கும் எந்த மேசையைப் பார்த்தாலும் அவளுக்குத் தெருக்கடைகளை அள்ளிப்போகும் நகராண்மைக் கழகத்தின் லாரி ஞாபகம் வந்துவிடும். ஓர் அதிகாரிக்குத் தெரிந்தால் எல்லா அதிகாரிக்கும் தெரிந்த மாதிரிதான் என்பது அவள் எண்ணம்.

“வீட்டு வேலைக்கே இருநூறு தாண்டும் ஆண்ட்டி,” என்றான் நிவேந்திரன். “கோவிச்சுக்காதீங்க. இந்தக் கைக்கு எட்டுப் பேரு வெயிட்டிங். ஒருத்தர் வீட்ல அது தூங்குறது நியாயமா? முழங்கைகிட்ட மாட்டுற கூடு உங்க அளவு, அத வேற யாருக்கும் போட முடியாது. கையை மட்டும் கழட்டி இன்னொருத்தருக்கு மாத்திடுவோம். உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்லா. ரப்பர் கை ஒண்ணு தர்றோம். பாக்க அசல் மாதிரியே இருக்கும். நகம்கூட இருக்கும்.”

நகம்கூட இருக்குமாம். எதையும் பிடிக்காத கைக்கு நகம் ஒரு கேடா? ஆனால் பிரிஜிட்டின் வாயில் வந்தது “சரி சார்” என்பதுதான். பதினேழு வருஷம் தொழிற்சாலையில் சொல்லிப் பழகிய சொல் அது, அவ்வளவு சீக்கிரம் நாக்கை விட்டுப் போகாது.

“பத்து நாள் டைம் தர்றேன். அதுக்குள்ள நம்பர் ஏறுச்சுன்னா பாக்கலாம். இல்லன்னா அடுத்த வாரம் வியாழக்கிழமை வரும்போது கையை விட்டுட்டுப் போயிடுங்க,” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த கோப்பை எடுத்தான். சுவரோரம் உட்கார்ந்திருந்த தேவிஸ்ரீ, பிரிஜிட்டின் கையிலிருந்து ஒயரைக் கழற்றினாள். அவள்தான் அந்த மையத்தின் தொழில்நுட்பர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த இடது கை எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். குருபோங் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் அச்சிடும் ஒரு தொழிற்சாலை. அதில் அழுத்து இயந்திரத்துக்கு முன்னால் பிரிஜிட் நின்றாள். கை உள்ளே போனால் இயந்திரம் நிற்பதற்காக ஒரு தடுப்பு இருந்தது. அது இருந்தால் மணிக்கு முப்பது அச்சு குறைகிறது என்று ஒரு நாள் அதைக் கழற்றி மூலையில் சாய்த்து வைத்தார்கள். கழற்றச் சொன்னவர் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறார், பதவி உயர்வோடு. பிரிஜிட்டுக்கு முழங்கைக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது. அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் புக்கிட் பெருவாங்கில் இருக்கும் இந்த மையத்தில் கை இரவலாகக் கிடைத்தது. மாட்டிக்கொண்டால் தானாக வேலை செய்கிற சாமான் இல்லை அது. கூட்டுக்கு உள்ளே இரண்டு சின்ன உலோகத் தகடுகள், தோலை ஒட்டி உட்காரும். “இல்லாத கையை மூடுங்க ஆண்ட்டி,” என்பாள் தேவிஸ்ரீ. கை போனாலும் மூளை விடுவதில்லை, போன விரல்களுக்கு இன்னும் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. முன்கையில் மிச்சமிருக்கும் தசை அந்த உத்தரவைக் கேட்டுச் சுருங்குகிறது. சுருங்கும்போது துளியளவு மின்சாரம் தோல்வரை வரும். தகடு அதை வாங்கி மோட்டாரிடம் சொல்லும். உள்பக்கத் தசை சுருங்கினால் கை மூடும். வெளிப்பக்கத் தசை சுருங்கினால் திறக்கும். ஒரு முறை மூடிவிட்டால் தசையைத் தளர்த்திவிட்டாலும் மூடியபடியே நிற்கும், மறுபடி திறக்கச் சொல்லும்வரை.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. மூன்று வாரம் திரையில் தசையின் அசைவைக் காட்டும் பச்சைக் கோடு தூங்கிக்கொண்டே இருந்தது. இல்லாத கையை எப்படி மூடுவது? கடைசியில் ஒரு நாள் தொழிற்சாலை பஸ்ஸில் நின்றுகொண்டு போன காலம் மனசில் வந்தது. வளைவில் பஸ் சாயும்போது மேல் கம்பியை இடது கையால் எட்டிப் பிடிப்பாளே, அதை நினைத்தாள். கோடு எகிறியது. மேசைமேல் கிடந்த கை மெல்ல மூடியது. தேவிஸ்ரீ கைதட்டினாள். பிரிஜிட் அழுதாள். அழுததைச் சொல்ல அவளுக்கு வெட்கமில்லை.

கை வந்த இரண்டாம் மாதம் கடை போட்டாள். பித்தளையில் திருகு வைத்த இடியப்பக் குழல் ஒன்று வாங்கினாள். அதற்கு இரண்டு கை கட்டாயம் வேண்டும். ஒன்று குழலின் உடம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொன்று மேலே உள்ள கைப்பிடியைத் திருக வேண்டும். ஒற்றைக் கையால் திருகினால் குழலும் சேர்ந்து சுற்றும், மாவு இறங்காது. பிரிஜிட் காலை ஐந்தரைக்கு இடது கையால் குழலைப் பிடிப்பாள். ஆவி படாமலிருக்கக் கையைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையும் துண்டும் கட்டியிருப்பாள். முழங்கையை வட்டமாக அசைத்தபடி தட்டுத் தட்டாகப் பிழிவாள். மாவு தீர்ந்தால் வலது கையால் மூடியைத் திருகி எடுத்து, மாவை அடைத்து, மறுபடி மூடுவாள். இடது கை விடாது. ஒன்பதரைக்கு வியாபாரம் முடிந்த பிறகுதான் திறக்கும். நாலு மணி நேரம், இருநூறு இடியப்பம், ஒரே பிடி.

அது போக, குடையை விரிக்கவும் மடக்கவும் இரண்டு, மேசையை விரிக்கவும் மடக்கவும் இரண்டு, பையைத் தூக்க ஒன்று. இப்படி ஆறு. கணினி பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் அதற்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவள் வெளியே வந்தபோது வரவேற்பறையில் டாரியஸ் உட்கார்ந்திருந்தான். உணவு டெலிவரி மோட்டார்சைக்கிள் ஓட்டியவன், தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் விழுந்து வலது கை போனது. முப்பது வயதிருக்கும். பயிற்சிக்கு வந்த காலத்திலிருந்து பிரிஜிட்டுக்குப் பழக்கம். அவள் முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

“நம்பர் கொறஞ்சிருச்சா ஆண்ட்டி? எவ்ளோ?”

“ஆறு.”

டாரியஸ் சிரித்தே விட்டான். “அய்யோ ஆண்ட்டி, எனக்கு ஐந்நூத்தி இருபது. எப்படி தெரியுமா? பந்து வெளாட்டு பாக்கும்போது சும்மா தொறந்து தொறந்து மூடுவேன். தொண்ணூறு நிமிஷம், தட்டு தட்டு தட்டுன்னு. சாப்பிடுறது, எழுதுறது எல்லாம் இடது கையாலதான். இந்த வலது கைக்கு அந்த ஒரு வேலதான். போன மாசம் வந்தப்போ சார் கைகுடுத்து ‘கன்கிராட்ஸ்’ன்னாரு.”

“எதையும் பிடிக்காமலேயா?”

“காத்தப் பிடிச்சாலும் அது பிடிதான் ஆண்ட்டி. மெஷினுக்கு என்னா தெரியும்? நீங்களும் ஒரு சீரியல் போட்டு உக்காருங்க. ஒரே நாள்ல முந்நூறு வந்திரும்லா.”

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. காற்றைப் பிடிக்கிறவனுக்குக் கைகுலுக்கல், குழலைப் பிடிக்கிறவளுக்கு ரப்பர் நகம். பஸ்ஸில் வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் மரியசூசை முழுவதையும் கேட்டார். சிமெண்டு லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

“டாரியஸ் சொன்ன மாதிரி செஞ்சிரு பிரிஜிட்,” என்றார் கடைசியில். “ஒரு பொய்தானே? யாருக்கும் நஷ்டமில்ல.”

“நான் ஒழுங்கா வேலைதாங்க செய்றேன். எதுக்குப் பொய் சொல்லணும்?”

“கை போச்சுன்னா கடை போச்சு. அதுக்குத்தான் சொல்றேன்.”

கை போனால் கடை போகும் என்பது மட்டும் இல்லை. கடை போட்ட பிறகுதான் ஆட்கள் அவளிடம் “பாவம்” என்று சொல்வதை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வெளியே வந்தால் முன்பெல்லாம் தோளைத் தடவி “கர்த்தர் பாத்துக்குவார்” என்பார்கள். இப்போது “நாளைக்கு இருபது எடுத்து வை பிரிஜிட்” என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கை.

அந்த வாரம் புதன்கிழமை கடை போடவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, வியாபாரம் எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். காலை ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூடு. திற. மூடு. திற. மோட்டார் கீச்சுக் கீச்சென்று முனகியது. திரையில் யாரோ மருமகளை வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள், பிரிஜிட் பார்க்கவில்லை. நூறு ஆனபோது தன்னைப் பார்த்தே அசிங்கமாக இருந்தது. இருநூறு ஆனபோது முன்கைத் தசை சுள்ளென்று இழுத்தது. நிறுத்தவில்லை. கோபம் வந்தால் அவள் அப்படித்தான், தன்னையே போட்டு அடிப்பாள். இழுத்த தசையை ஆறவிட்டு ஆறவிட்டு, பிற்பகல் மூன்று மணிவரை மூடித் திறந்தாள்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் குழலைப் பிடிக்கப் போனாள். கை மூடவில்லை. முந்திய நாள் அவ்வளவு நேரம் இழுத்துப் பிழிந்த தசை செத்துப்போயிருந்தது. பஸ் கம்பியை நினைத்தாள். விரல்கள் பாதி மூடி நடுங்கி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி நினைத்தாள். மூடியது. எப்படியோ நாலு தட்டுப் பிழிந்தாள். ஐந்தாவது தட்டில் முன்கையின் வெளிப்பக்கத் தசை தானாகத் துடித்தது. கையும் சொன்னதைக் கேட்டுத் திறந்துகொண்டது. சுடுமாவு நிரம்பிய குழல் தார்ச்சாலையில் விழுந்து உருண்டு சாக்கடை ஓரத்தில் நின்றது.

தினமும் முதல் ஆளாக வருகிற வேலாயியம்மா கையில் டிபன் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு மகனோடு தாமானுக்குக் குடிவந்தவர். கீழே கிடந்த மாவைப் பார்த்தார், பிரிஜிட்டைப் பார்த்தார்.

“சுட்டுருச்சா ஆயி?”

“இல்லக்கா. கை நழுவிருச்சு.”

“உன் கையா? நாலு மாசமா பாக்குறேன், உடும்பு மாதிரில்ல பிடிக்கும் அது.”

பிரிஜிட் தலையைக் குனிந்துகொண்டு குழலைத் துடைத்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாச்சே வந்து “ஹாரி இனி தடா புத்து மாயாம்?” என்று மலாயில் கேட்டுவிட்டு, இன்றைக்கு இடியப்பம் இல்லையென்று தெரிந்ததும் போனாள். தொழிற்சாலை ஷிஃப்ட் ஆட்கள் மோட்டார்சைக்கிளை மெதுவாக்கிப் பார்த்துவிட்டு வேறு கடை தேடிப் போனார்கள். ஏழு மணிக்கெல்லாம் குடையை மடக்கிவிட்டாள்.

அன்றைக்கே முடிவு செய்தாள், இனி காற்றைப் பிடிப்பதில்லை. இரண்டு நாள் தசைக்கு ஓய்வு கொடுத்தாள். ஞாயிறு முதல் பழையபடி கடை, பழையபடி ஆறு பிடி. அடுத்த வியாழக்கிழமை கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு, பித்தளைக் குழலைக் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தேவிஸ்ரீ ஒயரை மாட்டினாள். நிவேந்திரன் திரையைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா! போன வாரம் புதன்கிழம நானூத்தி முப்பத்தொண்ணு! இதத்தான் ஆண்ட்டி நான் சொன்னேன். முடியுதுல்ல ஒங்களால?” விரலால் திரையைக் கீழே தள்ளினான். “அப்பறம் ஏன் மறுபடியும் அஞ்சு, ஆறுன்னு விழுது? சோம்பல் படாதீங்க ஆண்ட்டி. அந்தப் புதன்கிழம மாதிரி எல்லா நாளும் இருந்தா கை ஒங்களுக்குத்தான்.”

சோம்பல். விடிகாலை நாலு மணிக்கு மாவு கிளறுகிறவளைப் பார்த்துச் சோம்பல். பிரிஜிட் தன் நாக்கின் நுனிவரை வந்த “சரி சார்” என்பதை விழுங்கினாள்.

“அந்தப் புதன்கிழம நான் வேலையே செய்யல சார்.”

“என்னா?”

“அன்னிக்கி முழுக்க டிவி முன்னாடி உக்காந்து வெறுங்கையத் தொறந்து தொறந்து மூடுனேன். நீங்க கேட்ட நம்பர ஒங்களுக்குச் செஞ்சு குடுத்தேன். அதனால மறுநாள் கை வேல செய்யல. மாவு ரோட்டுல கொட்டிப் போச்சு. பாருங்க, அந்த வியாழக்கிழம எவ்ளோ காட்டுதுன்னு.”

“மூணு,” என்றாள் தேவிஸ்ரீ, மெல்ல.

பிரிஜிட் பையிலிருந்து குழலை எடுத்தாள். மேசைமேல் இருந்த கோப்புகளுக்கு நடுவில் அதை நிறுத்தி, இடது கையைத் திறந்து, பிடித்தாள். ஒரு பிடி. வலது கையால் கைப்பிடியைத் திருகினாள். வெறும் குழல் கடகடவென்று சத்தம் போட்டது.

“இதுதான் சார் என் வேல. காலையில அஞ்சரைக்கு இப்படிப் பிடிச்சா ஒம்பதரைக்குத்தான் விடுவேன். நடுவுல விட்டா இடியப்பம் இல்ல. ஒங்க கணக்குல இது ஒண்ணு. எனக்கு இருநூறு இடியப்பம். தாமான் முனையில கடை போட்டிருக்கேன். லைசென்ஸ் கிடையாது. வேணும்னா எழுதிக்குங்க, யாருகிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க. வீட்ல சும்மா இருக்கேன்னு அன்னிக்கி சொன்னது பொய்தான். அந்தப் பொய்யத் திருத்திக்கிறேன்.”

நிவேந்திரன் குழலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவன், அதைச் சொல்லிவிட வேண்டும். கொடுத்த ஃபார்மைத் தவிர வேறெதையும் படித்துப் பழகாதவன். “நீங்க சொல்றது புரியுது ஆண்ட்டி,” என்று இழுத்தான். “ஆனா ஃபார்ம்ல எத்தன பிடின்னு மட்டும்தான் கேக்குறாங்க. எவ்ளோ நேரம் பிடிச்சீங்கன்னு நான் எங்க போயி பாக்குறது?”

பிறகு தேவிஸ்ரீ எழுந்து வந்து அவன் தோளுக்கு மேல் கையை நீட்டி, திரையில் ஒரு பக்கத்தைத் தள்ளினாள்.

“இங்க இருக்கு சார்,” என்றாள். “மூடியிருந்த நேரம். கடை போட்ட நாள்ல நாலு மணி, நாலு மணி பத்து நிமிஷம், மூணே முக்கா மணி… அந்தப் புதன்கிழம பாருங்க, பதினாலே நிமிஷம்.”

நிவேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிரிஜிட் தேவிஸ்ரீயைத்தான் பார்த்தாள்.

“போன தடவ வந்தப்பவும் இது இருந்துச்சா தேவி?”

அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. “இருந்துச்சு ஆண்ட்டி. கை குடுத்த நாள்லேர்ந்து இருக்கு. யாரும் கேக்குறது இல்ல. நானும்… நானும் தொறந்து பாக்கல.”

பத்து நாள். வேலாயியம்மா வெறும் பாத்திரத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போனார். பிரிஜிட் தன் மடியில் கையை வைத்துக்கொண்டு பைத்தியம் மாதிரி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அத்தனைக்கும் பதில் இந்த அறையிலேயே, ஒரு விரல் தள்ளும் தூரத்தில் இருந்திருக்கிறது.

“சரி, நல்லதாப் போச்சு,” என்றான் நிவேந்திரன். குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டான். “பிரச்சன தீந்துச்சு. கையை நீங்களே வச்சுக்கலாம் ஆண்ட்டி. கடை விஷயம் எனக்கெதுக்கு, அத நான் எழுதல. இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

ஒரு தாளை நீட்டினான். மலாயில் அச்சடித்திருந்தது. பிரிஜிட் பள்ளியில் படிவம் ஐந்துவரை படித்தவள், நிதானமாகப் படித்தாள். ஆலோசனை வழங்கப்பட்ட பின் பயனரின் பயன்பாடு திருப்திகரமாக முன்னேறியுள்ளது என்று இருந்தது.

“யாரு முன்னேறுனது?”

“அது சும்மா, எல்லாருக்கும் ஒரே வாசகம்தான். நீங்க போடுங்க ஆண்ட்டி.”

“நான் முன்னேறல தம்பி.” ‘சார்’ எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை, போனது போனதுதான். “அன்னிக்கும் நாலு மணி நேரம், இன்னிக்கும் நாலு மணி நேரம். திருந்துனது நான் இல்ல. யாரு திருந்துனதுன்னு சரியா எழுதுங்க, போடுறேன்.”

நிவேந்திரனுக்கு முகம் சிவந்தது. “ஒங்களுக்குத்தான் கை கெடச்சிருச்சே ஆண்ட்டி. இன்னும் என்னா வேணும்?”

அவன் கோபத்தில்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி பிரிஜிட்டை வேறு ஒரு கேள்விக்குக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு அவன் எவ்வளவு பழக்கமாக, எவ்வளவு சுலபமாகச் சொன்னான்: கழற்றி இன்னொருத்தருக்கு மாற்றிவிடுவோம், நகம்கூட இருக்கும். முதல் தடவையாகச் சொல்கிறவன் பேச்சு இல்லை அது.

“எனக்கு முன்னாடி நம்பர் கொறஞ்சிருச்சுன்னு எத்தன பேருகிட்ட கையை வாங்குனீங்க?”

அவன் கோப்பைப் புரட்டினான். தேவிஸ்ரீ சொன்னாள்.

“மூணு பேரு.”

“அவங்களுக்கும் இந்தப் பக்கம் இருக்குமா?”

“இருக்கும் ஆண்ட்டி. கணினியிலதான் இருக்கு.”

“தொறந்து பாத்தீங்களா?”

அந்த மூன்று பேர் யார் என்று பிரிஜிட்டுக்குத் தெரியாது. ஒருத்தர் நாள் முழுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருக்கலாம். ஒருத்தி நோயாளிப் பிள்ளையைச் சக்கர நாற்காலியில் தள்ளியிருக்கலாம், ஒரே பிடியில். கேட்டிருந்தால் அவர்களும் சும்மாதான் சார், வீட்டு வேலை என்று சொல்லியிருப்பார்கள். இப்போது சட்டைக் கைக்கு உள்ளே நகம் வைத்த ரப்பரைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பார்கள்.

“தொறங்க தம்பி,” என்றாள்.

“ஆண்ட்டி, அதெல்லாம் மத்தவங்க ஃபைல். ஒங்களுக்குக் காட்ட முடியாது. வெளிய ஆறு பேரு காத்திருக்காங்க. ப்ளீஸ், எழுந்திரிங்க.”

“எனக்குக் காட்ட வேணாம். நீங்க பாருங்க. மூணு பேரையும் பாருங்க. பாத்துட்டு அவங்களுக்கு ஃபோன் போடுங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, கடை மூடிட்டுத்தான் வந்தேன்.”

குழலை விடுவித்துப் பையில் போட்டாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இடது கையை நாற்காலியின் இரும்புக் கைப்பிடிமேல் வைத்தாள். மோட்டார் ஒரு தடவை முனகியது. விரல்கள் இரும்பைச் சுற்றி மூடிக்கொண்டன.

“எண்ணிக்குங்க தம்பி,” என்றாள் பிரிஜிட். “ஒண்ணு.”